பழமா என்று கேட்டான்

என் தம்பியோடு நான் ஆடிய கடைசி ஆட்டம் டிராவில் முடிந்தது. போட்டி முடிவுகளைப் போடும் இணையதளத்தில் இன்றைக்கும் அது கிடக்கிறது. முதல் சுற்று, பத்தொன்பதாம் மேசை, என் பெயருக்கு நேரே அரைப் புள்ளி, அவன் பெயருக்கு நேரே அரைப் புள்ளி. எனக்கு ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் ரேட்டிங். அவனுக்குப் பூஜ்யம். போட்டிகளில் ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்கு அங்கே அப்படித்தான் போடுவார்கள்.

செஸ் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். காலை மின்சார ரயிலில் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை என்னோடு வருகிறவர் ஒருவர் சிரிக்கவே செய்தார். "இன்னா சார், பூஜ்யத்தாண்ட போயி பாதிய குட்த்துட்டு வந்துகிறீங்க" என்று கேட்டார். அந்தப் பூஜ்யம் என் கூடப் பிறந்தவன் என்று அவருக்குத் தெரியாது. தூக்கக் கலக்கம் சார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த ஆட்டத்துக்கு முன்னால் நானும் அவனும் ஒன்பது வருடம் பேசவில்லை. இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது நிலத் தகராறா என்றுதான். நிலம் இல்லை. எங்கள் சண்டை கொள்ளியைப் பற்றியது.

எங்களுக்குத் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா பயிர் வைத்தவர். நான் படித்து அரசாங்க வேலைக்கு வந்து செங்கல்பட்டில் வீடு கட்டினேன். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. வேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு சதுரங்கப்பட்டினத்தில் குடியேறி, கல்பாக்கம் டவுன்ஷிப்புக்கு ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். ஊர்ப் பெயரில் சதுரங்கத்தை வைத்துக்கொண்டு போர்டையே தொடாமல் இருக்கிறாயே என்று முன்பெல்லாம் அவனைக் கிண்டல் செய்வேன். ஊருக்கு எவனோ பேர் வைத்ததற்கு நான் இன்னா பண்ணுவேன் என்பான்.

அப்பா இறந்த அன்று நான் திருச்சியில் ஒரு போட்டியில் இருந்தேன். ஆடுகிற இடத்தில் போன் அடித்தால் அந்த ஆட்டம் தோல்வி. அதனால் போனை அணைத்துப் பையில் போட்டு, பையை வெளியே வைத்துவிடுவது வழக்கம். அன்றைக்கு இரண்டு ஆட்டம். நடுவில் கிடைத்த நேரத்தில் சாப்பிட்டேன், அடுத்த எதிராளியின் பழைய ஆட்டங்களைப் பற்றி ஒருவரிடம் விசாரித்தேன், போனை எடுக்கவில்லை. சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது முப்பத்தெட்டு அழைப்புகள் இருந்தன. அதில் முப்பத்தொன்று தம்பியுடையது.

சித்திரை வெயில். உடம்பு தாங்காது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்று பங்காளிகள் சொல்லியிருக்கிறார்கள். அவன் மதியம் முழுக்க எனக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சரி என்றிருக்கிறான். அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அப்பா படுத்திருந்த இடத்தில் ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளிக்கப் போன இடத்தில், இருபது முப்பது பேர் முன்னிலையில் நான் வாயைத் திறந்தேன். "என் கொள்ளிய எட்த்துக்கினியேடா. ஒரு ராத்திரி காத்துகினு இருக்க முடியலயா உன்னால" என்றேன். எனக்கு என் மேல் இருந்த கோபம் அது. அதைத் தாங்க முடியாமல் அவன் தலையில் இறக்கினேன். இன்றைக்கு இதைச் சுலபமாகச் சொல்கிறேன், அன்றைக்குத் தெரியவில்லை.

மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். குரலை உயர்த்தவே இல்லை. "நீ காய் நகத்திகினு இருந்த. நான் அப்பாவ வெச்சிகினு உக்காந்துகினு இருந்தேன்" என்றான்.

யாரோ ஒருவர் மூக்கைச் சிந்தினார். நான் பாலைத் தெளித்துவிட்டு நேராகப் பஸ் ஏறினேன். பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகவில்லை.

அதோடு சரி. சொந்தக்காரர் கல்யாணங்களில் அவன் முதல் பந்தியில் உட்கார்ந்தால் நான் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பேன். திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் ஒருமுறை நேருக்கு நேர் வந்துவிட்டோம். அவன் குனிந்து வேன் டயரை ஆராய ஆரம்பித்தான், நான் பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டு பேரும் ஐம்பது வயதைத் தொட்டுவிட்டோம். என் மனைவி மட்டும் வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளி நெருங்கும்போது, "ஒரு போன் பண்ணுங்களேன்" என்பாள். அவன் பண்ணட்டும் என்பேன். ஒரே நாளில் முப்பத்தொரு முறை பண்ணியவன் அவன் என்பது எனக்கு நினைவில் வராமல் இல்லை.

அந்தப் போட்டி மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்த வாரம். இப்போதெல்லாம் போட்டிக்குப் போனால் பாதிக்கு மேல் சின்னப் பிள்ளைகள். வெளியே டிபன் டப்பாவோடு பெற்றோர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டால் தரை எட்டாத பிள்ளைகளிடம் நானே பல தடவை தோற்று, கைகொடுத்துவிட்டு, பாத்ரூமில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறேன். அதனால் முதல் சுற்றில் யார் வருகிறார்கள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. முதல் சுற்றில் பட்டியலின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் மோதும். யாருக்கு யார் என்பதைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும்.

சுவரில் ஒட்டியிருந்த தாளில் என் பெயருக்கு எதிரே அவன் பெயர் இருந்தது. வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பெயரில் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். பிறகு இனிஷியலைப் பார்த்தேன். என் இனிஷியல்தான். அப்பாவின் எழுத்து.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். போனால் அவனுக்கு ஒரு முழுப் புள்ளி கிடைக்கும். அதை நினைத்ததும் உள்ளே போய் உட்கார்ந்தேன். என் குணம் அப்படி.

அவன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். வெளுத்த சட்டை, இஸ்திரி போட்டது. முடி நன்றாக நரைத்திருந்தது, எனக்கு முன்னால் அவனுக்கு நரைத்துவிட்டதே என்று தோன்றியது. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் கைகுலுக்கியாக வேண்டும், மறுத்தால் தோல்வி என்று கூடச் சொல்லிவிடலாம். அவன் கையை நீட்டினான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. நான் விரல் நுனியைக் கொடுத்துவிட்டு, ஸ்கோர் ஷீட்டில் பெயர் எழுத ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். நகர்த்துவதை எல்லாம் அந்தத் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே வர வேண்டும். அடியில் நகல் விழும், மேல் தாள் நடுவருக்கு, நகல் ஆடியவருக்கு.

வெள்ளைக் காய் அவனுக்கு. நாங்கள் சின்ன வயதில் ஆடிய அதே ஆட்டத்தை ஆடினான். அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் எழுதுவதற்கு, கட்டத்தின் எழுத்தையும் எண்ணையும் போர்டின் ஓரத்தில் விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தான். பதினெட்டாவது நகர்த்தலில் ஒரு குதிரையைச் சும்மா விட்டான். நான் எடுத்தேன். ஒரு குதிரை கூடுதலாக இருந்தால் என் அளவுக்கு ஆடுகிறவர்களுக்கு மிச்ச ஆட்டம் வெறும் பொறுமைதான்.

பத்தொன்பதாவது நகர்த்தலை வைத்துவிட்டு, கடிகாரத்தை அமுக்காமல், போர்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"பழமா?"

எங்கள் வீட்டில் டிரா என்ற சொல்லே கிடையாது. எனக்குப் பள்ளியில் பரிசாக வந்த பிளாஸ்டிக் செட்டில்தான் இருவரும் கற்றுக்கொண்டோம். ஆட்டத்தில் இருப்பதும் காய், சண்டை வந்தால் பிள்ளைகள் விடுவதும் காய். நான் அவன் யானையை வெட்டினால் அவன் அழுதுகொண்டே "உன்கூட காய்" என்பான். அடுப்படியிலிருந்து அம்மா, "ரெண்டு பேரும் பழம் வுட்டுட்டு சாப்ட வாங்கடா" என்று கத்துவாள். பழமா என்று ஒருவன் கேட்பான், பழம் என்று மற்றவன் சொல்வான், யாருக்கும் வெற்றியில்லாமல் போர்டைக் கலைத்துவிட்டு எழுந்துவிடுவோம். அப்படியே டிராவுக்குப் பழம் என்று பெயர் நிலைத்துவிட்டது. பெரிய போட்டிகளுக்குப் போன பிறகுதான் நான் மற்ற சொல்லைக் கற்றுக்கொண்டேன். அப்பாவுக்கு முன்பே அம்மா போய்விட்டாள். ஆகவே அன்றைக்கு அந்த மண்டபத்தில் அந்தச் சொல்லை அப்படிப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள், ஏன், இந்த உலகத்திலேயே, நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒரு குதிரை குறைவாக இருப்பவன் தன்னைவிடப் பலமானவனிடம் டிரா கேட்க மாட்டான். அது மரியாதை இல்லை என்பது முதல் போட்டிக்கு வருகிறவனுக்கும் தெரியும். அவன் கேட்டது அந்த ஆட்டத்தை இல்லை. ஒன்பது வருடத்தைக் கேட்டான். எனக்கு அது அந்த நொடியிலேயே புரிந்தது. இதை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், எனக்குப் புரிந்தது.

நான் கையைத் தூக்கினேன். கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டேன்.

நடுவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். "என்ன சார்?"

"பேசிகினே கீறாரு மேடம். டிஸ்டர்பா கீது."

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "என்ன சார் பேசினீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தான் என்று நினைக்கிறேன். நான், "பழம் கிழம்னு இன்னாமோ சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல" என்றேன்.

அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நடுவர் பக்கம் திரும்பி, "டிரா கேட்டேன் மேடம்" என்றான்.

நடுவர் பொறுமையானவர். புது ஆள் என்று கண்டுகொண்டு நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். "டிரா வேணும்னா, காய நகர்த்திட்டு 'டிரா'ன்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கலாம். ஷீட்ல அந்த நகர்த்தலுக்குப் பக்கத்துல ஒரு சமக்குறி போட்டு, சுத்தி அடைப்புப் போடணும். மத்தபடி எதிராளிகிட்ட பேசவே கூடாது சார். இன்னொரு தடவை பேசினா அவருக்கு டைம் சேத்துக் குடுத்துடுவேன்." பிறகு என்னிடம், "இப்ப ஆஃபர் வெச்சிருக்கார். ஒத்துக்கறீங்களா சார்?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு நகர்த்தினேன்.

அதற்குப் பிறகு நான் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நேராக ராஜாவை மடக்க எத்தனையோ வழி இருந்தது. எனக்கு அது போதவில்லை. அவனிடம் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும் என்று இருந்தது. ராணியை எடுத்தேன், யானைகளை எடுத்தேன், சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்தேன். எடுத்த காயை மேசையில் வைக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அவன் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. நகர்த்துவான், கடிகாரத்தை அமுக்குவான், தாளில் எழுதுவான், எழுதிய தாளை என் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைப்பான். அடுத்த நகர்த்தலுக்குத் தன் பக்கம் இழுத்து எழுதிவிட்டு மறுபடியும் திருப்பி வைப்பான். இது இன்னா பழக்கம் என்று எரிச்சலாக வந்தது. தாளை நான் பார்க்கவே இல்லை. பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

கடைசியில் அவனிடம் மூலையில் ஒரு ராஜாவும், ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு கட்டம்கூட நகராத ஒரு சிப்பாயும் மிஞ்சின. என்னிடம் ராணியே இருந்தது. மூன்று நகர்த்தலில் முடித்திருக்கலாம். நான் அந்தச் சிப்பாயையும் எடுத்தேன்.

எடுத்த ராணி எங்கே நின்றதோ, அங்கிருந்து அவன் ராஜாவைச் சுற்றியிருந்த கட்டங்களை எல்லாம் அடைத்துவிட்டது. ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, நகர்த்த வேறு காயும் இல்லை. செஸ்ஸில் அதற்குப் பெயர் ஸ்டேல்மேட். அதுவும் டிராதான். அந்த ஒரு சிப்பாயை அவனுக்கு விட்டு வைத்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

ராணியிலிருந்து கையை எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காது இரண்டும் சூடானது. அவனுக்குத் தெரியவில்லை. ராஜாவை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் பார்த்தான். ஐந்து நிமிடம் பார்த்திருப்பான். பிறகு கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான். "எட்த்து வெக்க எடமே இல்லியே மேடம்" என்றான்.

அவர் குனிந்து பார்த்தார். "ஸ்டேல்மேட் சார். ஆட்டம் டிரா. ரெண்டு பேரும் ஷீட்ல கையெழுத்துப் போடுங்க."

"டிராவா?" என்று அவரிடம் கேட்டான். ஆமாம் என்றார். அவன் என் பக்கம் திரும்பினான். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை. ரேட்டிங் உள்ளவனிடம் அரைப் புள்ளி வாங்கிவிட்ட சந்தோஷம் என்று நினைத்தேன். "தேங்க்ஸ்ண்ணா" என்று கையை நீட்டினான். நான் அவன் தாளில் பார்க்காமலே கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, அவன் கையைத் தொட்டதாகப் பேர் பண்ணிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மண்டபத்துக்குப் பின்புறம் சமையல் கூடத்தை ஒட்டி நின்று, ஒரு பூஜ்யத்திடம் பாதி விட்டுவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அரை மணி கழித்து அடுத்த சுற்று எப்போது என்று கேட்க நடுவர் மேசைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"உங்க எதிராளி ஷீட்டப் பாருங்க சார். நான் டிரா கேட்டா குறி போடணும்னு சொன்னேன் இல்ல, அவர் தப்பாப் புரிஞ்சிக்கிட்டார் போல. குறி போட்டாலே கேட்ட மாதிரின்னு நெனச்சிட்டார்."

பத்தொன்பதாவது நகர்த்தலிலிருந்து எழுபத்தொன்று வரை, ஒரு வரிகூட விடாமல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சமக்குறி. சுற்றிலும் அழகாக அடைப்பு. பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதால் எழுதிக் கேட்டிருக்கிறான். நான் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் தாளைத் திருப்பி வைத்திருக்கிறான். ஐம்பத்து மூன்று தடவை. நான் அங்கேயே நின்று எண்ணினேன்.

"அவர் எங்க மேடம்?"

"கெளம்பிட்டார் சார். மிச்ச ரவுண்டுக்குப் பேர எடுத்துடுங்க, வந்த வேல முடிஞ்சிடுச்சுன்னார். உங்களக் கொஞ்ச நேரம் வாசல்ல தேடினார். வண்டி ட்ரிப் இருக்குன்னு போயிட்டார்." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "முன்னாடி நாளே போன் பண்ணி, பட்டியல்ல உங்க பேரச் சொல்லி, இவரோட எப்ப ஆட முடியும்னு கேட்டார். அதெல்லாம் நம்ம கையில இல்ல சார், கம்ப்யூட்டர் போடறதுன்னு சொன்னேன்" என்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வரை நடந்து வந்து பார்த்தேன். பாண்டிச்சேரி பஸ்களும் கார்களுமாகப் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்து அவன் வீட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஏறியிருக்கலாம். அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனேன். அந்த ஆட்டத்தில் ஜெயித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பவும் செய்தேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். திருக்கழுக்குன்றம் வரும்வரை ஒன்றும் தோன்றவில்லை. அங்கே பஸ் மாற இறங்கி நிற்கும்போதுதான் கையில் இருப்பதைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று தடவை பழமா என்று கேட்டவனிடம் கையில் பழத்தோடு போய் நின்றால், புரியாதது போல நடித்தவன் இப்போது கிண்டல் வேறு பண்ணுகிறான் என்று நினைப்பானோ என்று ஒரு யோசனை. சிரிப்பு வந்தது, உடனே வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவைத் திறந்ததும் முதலில் இன்னா சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. சதுரங்கப்பட்டினம் பஸ் வந்தது, போனது. நான் செங்கல்பட்டுக்கே திரும்பினேன். பழத்தைப் பார்த்து மனைவி ஏன் என்று கேட்டாள். விலை மலிவாக இருந்தது என்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு ஊரிலேயே ஒரு போட்டி. அதற்கடுத்து மனைவியின் சித்தப்பா வீட்டில் வளைகாப்பு. அவன் எங்கே போய்விடப் போகிறான் என்ற தைரியம்தான். இனிமேல் எந்த அவசரமும் இல்லை, அவன் கேட்டாகிவிட்டது, நான் சொல்ல வேண்டியதுதான் பாக்கி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாமல்லபுரம் ஆட்டம் முடிந்து இருபத்து மூன்றாம் நாள், ஒரு திங்கட்கிழமை, அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது. காலை டிரிப்பில் ஆட்களை இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங் மேல் கவிழ்ந்திருக்கிறான். தூங்குகிறான் என்றுதான் போகிறவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

அவன் வீட்டுக்குள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். தம்பி மனைவி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுவாள், ஏன் வந்தாய் என்று கேட்பாள், இரண்டில் ஒன்று நடக்கும் என்று நின்றேன். அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"வந்துட்டீங்களா மாமா" என்றாள். அழுது அழுது குரல் கட்டிப் போயிருந்தது. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாசல்லயே நின்னுகினு இருந்தாரு. அண்ணன் பழம் வுட்டுட்டாரு, வூட்டுக்கு வருவாருன்னு சொல்லிகினே இருந்தாரு. ஆடுன சீட்ட வண்டிக் கண்ணாடி மேல சொருவி வெச்சிருந்தாரு. ஏறுற ஆளுக்கெல்லாம் காமிப்பாரு. 'எங்கிட்ட ஒண்ணுமே இல்ல, அவருகிட்ட ராணி கீது, ஜெயிச்சிருக்கலாம். வேணும்னே வுட்டுக் குட்த்தாரு. மேடம் எதுர்ல வாயால சொல்ல கூச்சப்பட்டுகினு, ஆட்டத்துல சொல்லிட்டாரு'ன்னு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள். "நெஜமாவே வேணும்னுதான வுட்டீங்க மாமா?"

அவன் சிப்பாய் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது என்று வெறியோடு எடுத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. ராணியிலிருந்து கையை எடுத்தபோது காது சூடானதை எப்படிச் சொல்வது. நடுவரிடம் எனக்குப் புரியவில்லை என்று ஒரு பொய் சொன்னேன். அவளிடம் இரண்டாவது பொய்யைச் சொன்னேன். "ஆமாம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, பெட்டியின் மேல் கையை வைத்து, உள்ளே பார்த்து, "கேட்டியா" என்றாள்.

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சுற்றியிருந்தவர்கள் கூடப் பிறந்த பாசம் என்று சொல்லி என் முதுகைத் தடவினார்கள்.

சாயங்காலம் சுடுகாட்டில் அவன் ஒரே மகள் கொள்ளிச் சட்டியோடு நின்றாள். அதற்கு முன் வாய்க்கரிசி. காரியம் செய்கிறவர் தட்டை நீட்டி, "அண்ணன் மொற யாரு, வந்து போடுங்க" என்றார். நான் முன்னால் போய்க் குனிந்தேன். அவன் காதருகே, விட்டுக் கொடுக்கவில்லையடா, தப்பாக ஆடிவிட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் வாய் கொஞ்சமாகத் திறந்திருந்தது. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். "போடுங்க, நேரமாவுது" என்றார் அவர்.

பேசியதற்காக நான் கை தூக்கிப் புகார் சொன்ன வாய் அது. மூன்று முறை அரிசி போட்டுவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்தேன்.